ரேடியேட்டர் நீக்கவியல்: விதியும் புறனடையும்

பிரித்தானிய வீடுகளில் குளியலறை ரேடியேட்டர் சுவரைவிட்டு இறங்கும் காலங்கள் இரண்டு: பின்சுவரில் டைல் ஒட்டும் காலம், பெயின்ட் அடிக்கும் காலம். தானாகவே இறங்கும் மூன்றாவது காலமும் உண்டு. அது துருவின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால் இங்கு ஆராயப்படவில்லை.

வீடு முழுவதும் சுற்றும் வெந்நீரை வடிக்காமல் இதைச் செய்ய இயலுமா என்பதே வினா. இயலாது என்பது பூர்வபட்சம். பாய்லர், குழாய்கள், எல்லா அறை ரேடியேட்டர்களும் ஒரே நீரால் பிணைந்தவை. ஒன்றைப் பிரித்தால் அனைத்தும் மாடிப்படி வழியே கூடத்தில் வந்து கூடும் என்பது அதன் வாதம். ஒவ்வொரு ரேடியேட்டரின் இரு முனைகளிலும் வால்வுகள் இருப்பதை அவ்வாதம் கணக்கில் கொள்ளவில்லை. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டையும் மூடினால் உள்ளே சிறைப்படுவது சில லிட்டர் மட்டுமே.

இரு வால்வுகளும் ஒரே இயல்பின அல்ல. ஒன்றைக் கையால் திருப்பலாம். மற்றது லாக்‌ஷீல்ட், பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஸ்பேனருக்கு மட்டுமே இணங்கும் சிறு தண்டு தெரியும். பம்புக்கு அருகிலுள்ள ரேடியேட்டர் வெந்நீரையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு தொலைவிலுள்ளதைக் குளிரில் விடாதபடி, நிறுவியவர் இத்தண்டை அளந்து திறந்து வைத்திருப்பார். ஆகவே வலஞ்சுழியாக மூடும்போது சுற்றுகளை எண்ணி, மூடியின் உட்புறத்தில் எழுதிவைப்பது விதி. அது அரைச் சுற்றாகவும் இருக்கலாம், ஒன்றேகாலாகவும் இருக்கலாம். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது இத்துறையின் மிகத் தொன்மையான மூடநம்பிக்கை.

கையால் திருப்பும் வால்வில் தெர்மோஸ்டாட் தலை இருந்தால் ஆய்வு நுட்பமடைகிறது. டென்மார்க்கின் மாட்ஸ் கிளாவுசென் 1943இல் உருவாக்கிய இக்கருவி, அறை குளிர்ந்தால் திறக்கும், சூடேறினால் மூடும். மிகக் குறைந்த நிலையில் வைத்தாலும் குழாய் உறையாதிருக்க, கடுங்குளிரில் தானே திறந்துகொள்ளும். பெயின்ட் காய்வதற்காக ஜனவரியில் சன்னலைத் திறந்துவைப்பவர், தாம் மூடிய வால்வைத் தாமே திறக்க ஆணையிட்டவராகிறார். தலையையே கழற்றிவிடலாமே எனின், ஆகாது. தலை நீங்கினால் வால்வு முழுதும் திறக்கும். கழற்றிய இடத்தில், உள்ளிருக்கும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் திருகுமூடியைப் பொருத்துவதே முறை.

இதற்குப் புறனடை, குளியலறை ரேடியேட்டரில் அத்தலை பெரும்பாலும் இராது என்பது. பழைய அமைப்புகளில், மற்ற அறைகளின் வால்வுகள் எல்லாம் மூடிக்கொண்டாலும் பம்பின் நீருக்கு ஒரு வழி வேண்டுமென்று இதை எப்போதும் திறந்தே விடுவார்கள். வீட்டிலேயே மிகச் சிறிய அறைக்கு வாய்த்த மிகப் பெரிய பொறுப்பு இது. எனவே அது சுவரில் இல்லாத நாட்களில் பாய்லரை இயக்க நேர்ந்தால், வேறொரு ரேடியேட்டரை முழுதும் திறந்துவைக்க வேண்டும்.

அடுத்தது சோதனை. மேல்மூலையில் உள்ள காற்றுத் திருகைச் சாவியால் சற்றுத் திறந்தால் நீர் பீய்ச்சி, உடனே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஏதோவொரு வால்வு முழுதாக மூடவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம். அடங்கினால் திருகை மறுபடி மூடிக்கொண்டு மேலே செல்லலாம்.

வெளிவரும் நீரைப் பற்றி முன்னெச்சரிக்கை தேவை. எஃகும் நீரும் ஆண்டுக்கணக்கில் உறவாடிப் பெற்ற மாக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடு அதில் கலந்திருக்கும். தரைவிரிப்பில் விழுந்தால் அது குடும்ப வரலாற்றின் பகுதியாகிவிடும். பழைய துண்டுகளைத் தாராளமாக விரிக்க வேண்டும். எது பழைய துண்டு என்பதில் வீட்டிலுள்ளோரிடையே கருத்தொற்றுமை காணப்படுவதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் பெரிய நட்டை, ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வை நோக்கும் பார்வையில், இடஞ்சுழியாகத் தளர்த்த வேண்டும். மற்றொரு ஸ்பேனர் வால்வின் உடலை அசையாமல் பிடித்திருக்க வேண்டும்; இன்றேல் செப்புக் குழாயும் சேர்ந்து முறுகும். காற்றுத் திருகு மூடியிருக்கும்வரை நீர் தயங்கித் தயங்கி வரும், மேல்முனையை விரலால் அடைத்த ஸ்ட்ராவைப் போல. கீழே தட்டை வைத்துவிட்டுத் திருகைத் திறந்தால் ஓட்டம் சீராகும். தட்டு நிரம்பும்போது நட்டை இறுக்கி, ஊற்றிவிட்டுத் தொடரலாம். ஓட்டம் நின்ற பிறகும் அடியில் எஞ்சியிருக்கும். கழற்றித் தூக்கும்போது இரு வாய்களையும் அடைத்துக்கொள்ள வேண்டும், ரேடியேட்டரைச் சாய்த்தால் எஞ்சியது எந்த வாய் தாழ்ந்ததோ அதைத் தேடிவரும். சுவரில் நிற்கும் வால்வுகளின் வாயிலும் மூடி திருகிவைப்பது பாதுகாப்பு.

மீளப் பொருத்துவது இதன் தலைகீழ் வரிசை. நட்டுகளை இறுக்கி, லாக்‌ஷீல்டை மூடியில் எழுதிய அளவுக்குத் திறந்து, மற்றதையும் திறந்து, காற்றை வெளியேற்ற வேண்டும். பரணில் நீர்த்தொட்டி உள்ள அமைப்பு தானே நிரம்பிக்கொள்ளும். மூடிய அமைப்பில் அழுத்தம் இறங்கியிருக்கும். குளிர்ந்த நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை வரும்படி நீரேற்ற வேண்டும். வடித்தது மிகுதியாயின் துருத்தடுப்பு மருந்தும் சேர்ப்பது நல்லது. பாய்லர் சூடேறிய பிறகு நட்டுகளின் அடியில் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் சற்று இறுக்கினால் பெரும்பாலும் நிற்கும். வால்வே பழுதென்றால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது. குழாயை வெளியிலிருந்து உறையவைத்து நீரைத் தடுக்கலாம், அல்லது பூர்வபட்சத்தார் சொன்னபடி அமைப்பை வடித்துவிடலாம்.