மாக்ஸ் துரையும் ஓர் எம்டனும்

தக்காளி வாங்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் போனவன் ஜெர்மன் பட்டாளச் சாமானோடு திரும்பினால் எந்த வீட்டில்தான் ஆரத்தி எடுப்பார்கள்?

எனக்கு அதில் ஒரு பித்து. உச்சியில் கூர்முனை வைத்த தொப்பி, இரும்புச் சிலுவைப் பதக்கம் என்று எதையாவது வாங்க வேண்டும். அதை அணிந்த அதிகாரி யார், எங்கே சண்டை போட்டார், கடைசியில் என்ன ஆனார் என்று துருவ வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் விலைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தில் கூர்முனை மட்டும்தான் வரும், தொப்பி வராது. ஆகவே உள்ளூர் ஆக்கிரிக் கடையே, அதாவது காயலான் கடையே கதி.

கடைக்கார இக்காவுக்கு என் பலவீனம் தெரியும். "சாரே, ஒரிஜினல் ஜெர்மனாக்கும். பட்டாளத்துல உள்ளது" என்று சாக்கை விலக்கினார். பித்தளை விளக்கு ஒன்று. கண்ணாடி இல்லை. வயிற்றில் பம்பு, தலையில் குல்லாய். களிம்பேறிய எழுத்தில் '...மாக்ஸ்' என்பதும் 'ஜெர்மனி' என்பதும் மட்டும் மிச்சம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எவரோ ஓர் அதிகாரி தன் விளக்கில் பேர் வெட்டி வைத்திருக்கிறார், நம் அம்மாக்கள் எவர்சில்வர் குடத்தில் வெட்டுவது போல! விலை 2,500 ரூபாய். தக்காளிப் பணமும் அதில் அடக்கம்.

மூன்று இரவு மாக்ஸ் துரையைத் தேடினேன். ஜெர்மன் ராணுவத்தில் மாக்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை, நம் பக்கத்து முருகேசன்கள் மாதிரி. கடைசியில் மீசை எடுப்பாக இருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் குடும்ப வரலாறுவரை போய்விட்டேன். நாலாம் நாள் பந்தல் போடுகிற பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பெட்ரோமாக்ஸ எங்க புடிச்சீங்க? மேண்டில் கட்டுனா எரியுமுங்க."

உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்பு வந்தது. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் மேண்டிலை நொறுக்கியதும் கவுண்டமணி முகம் போன போக்கில் என் முகமும் போனது.

ஆராய்ச்சி அத்தனையும் வீண் இல்லை. மாக்ஸ் நிஜமாகவே இருந்திருக்கிறார்: பெர்லினில் விளக்குக் கம்பெனி நடத்திய மாக்ஸ் கிரேட்ஸ். பெட்ரோலியத்தையும் அவர் பேரையும் ஒட்டியதுதான் பெட்ரோமாக்ஸ். நான் தேடியது துப்பாக்கி பிடித்த துரையை. கிடைத்தவர் திரியில்லாமல் விளக்கெரித்த துரை.

அடுத்த முறை இக்கா ஓர் ஓட்டை நீட்டினார். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகளின் ஓடு. பாசல் இருப்பது சுவிட்சர்லாந்தில் என்றாலும், 1865இல் மங்களூரில் அவர்களுடைய முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பிளெப்ஸ்ட் ஜெர்மன்காரர். முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசு அந்தத் தொழிற்சாலைகளைப் பறித்துக்கொண்டது. அப்படிப் பார்த்தால் ஓடும் ஒரு போர்க்கைதிதானே என்று வாங்கி வந்தேன். அடுக்களையில் ஒழுகுகிற இடத்தில் மனைவி அதைச் செருகிவிட்டாள். இப்போது ஒழுகுவதில்லை.

அந்த மாதம் பூப்பாறைக்கு, மாமனார் வீட்டுக்குப் போனோம். மாமா தேயிலை எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தைக்குப் பிறந்த ஊர் போடி. என் விளக்குக் கதையைக் கேட்டுவிட்டு, "ஜெர்மன்காரன் எதுக்கு மாப்ளே? ஒங்க மாமாவே அந்தக் காலத்துல பெரிய எம்டன். இவுக இருமுனா லயமே கிடுகிடுங்கும்" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. ஆக்கிரிக் கடையில் தேடிய சாமான் அத்தையின் வாயில் இருக்கிறது!

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் போர்க்கப்பல்தான் எம்டன். அதற்குப் புகைபோக்கி மூன்று. கித்தானில் நாலாவதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆங்கிலேயர் கப்பல்போல வேஷம் போடும். அந்த எத்தும் அந்த பயமும் தமிழில் ஒரே சொல்லாகத் தங்கிவிட்டன.

இந்த முறை அதிகாரியை ஒழுங்காகத் தேடினேன். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். எம்டன் என்ற பேருக்குக் கொஞ்சமும் பொருந்தாத, அதிகம் பேசாத மனிதர். பிடித்த வணிகக் கப்பலின் ஆட்களைப் பத்திரமாக இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடிப்பார். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' எம்டனை முடித்தது. அதில் கிடைத்த மெக்சிகோ வெள்ளிக் காசுகளை வென்றவர்கள் பதக்கமாக்கி வைத்துக்கொண்டார்கள். முல்லரோ, புத்தகம் எழுதச் சொன்னபோதுகூடத் தோழர்களின் ரத்தத்தில் காசு பார்க்க மனம் வராமல் மறுத்துவிட்டு, 1923இல் போய்ச் சேர்ந்தார். ஆக்கிரிக் கடையில் பேரம் பேசிய என் நாக்கு கொஞ்சம் கூசியது.

நூறு வயதானால்தான் தொல்பொருள் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். இந்தச் சொல் 2014லேயே தேறிவிட்டது. அதுவே வாளையாறு செக்போஸ்ட்டில் பில் காட்டாமல் தாண்டி, மலையாளத்தில் 'யமண்டன்' ஆகி, பெருத்தது எதற்கும் அடைமொழியாகிவிட்டது என்கிறார்கள்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலுக்குப் பேர் கொடுத்த எம்டன் நகரம் இருக்கும் கிழக்கு ஃபிரிசியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் டீ, அதுவும் கற்கண்டு போட்டுக் குடிப்பார்கள் என்றேன். அவருக்கு ஊர் பிடித்துப்போயிற்று. ஆனால் அதே பேர் கொண்ட கப்பல், வங்கக் கடலில் 'டிப்ளமேட்' என்ற கப்பலைத் தேயிலைச் சரக்கோடு மூழ்கடித்தது என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்புட்டுத் தேயிலையுமா?"

"அம்புட்டும் மாமா."

வெகுநேரம் எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "கொளுந்து கிள்ளுன பொம்பளைகளுக்குக் கூலி குடுத்திருப்பானுகளா?"

அடுப்பங்கரையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "பாத்தீகளா மாப்ளே, எம்டனை!"