சாசனத் தம்பி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையோரக் கிராமத்தில் இரவு ஒரு மணிக்கு விளக்கெரிந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். கரும்புக்குத் தண்ணீர் கட்ட மோட்டார் போட எழுந்திருப்பார்கள். இல்லையேல், உள்ளே ஒரு சாசனத் தம்பி உட்கார்ந்து, இல்லாத நாட்டுக்கு அரசியல் சாசனத் திருத்தம் எழுதிக்கொண்டிருப்பார்.

பி.இ. முடித்துவிட்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார் என்பது வீட்டார் தரும் தகவல். பொய்யில்லை. லட்சுமிகாந்தின் அரசியலமைப்புப் புத்தகம் தலைமாட்டில்தான் கிடக்கிறது. படித்ததை அமல்படுத்திப் பார்க்க ஒரு நாடு வேண்டாமா? அதை நேஷன்ஸ்டேட்ஸ் தருகிறது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி தன் நாவலுக்கு விளம்பரமாக 2002-இல் தொடங்கிய இணைய விளையாட்டு அது. யார் வேண்டுமானாலும் நாடு தொடங்கலாம். காசு வேண்டாம், பட்டா சிட்டா வேண்டாம். நாடுகள் சேர்ந்தால் வட்டாரம். வட்டாரத்துக்குச் சட்டமன்றம், நீதிமன்றம், எதிர்க்கட்சி எல்லாம் ஆட்டக்காரர்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே உலக மன்றம். முதலில் அதற்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர். 2008-இல் அசல் ஐ.நா. கண்டித்துக் கடிதம் அனுப்ப, பெயரை மாற்றினார்கள். "ஐ.நா.வே பயந்துட்டாங்கண்ணா!" என்பார் தம்பி. போர்களை நிறுத்த நேரமில்லாத சபைக்கு இதற்கு மட்டும் நேரம் கிடைத்ததே என்று எனக்குத் தோன்றும்.

தம்பியின் சீர்திருத்த வேகம் எப்போதும் தோற்ற மறுநாள்தான் கிளம்பும். தலைவர் தேர்தலில் தோற்றால், "நேரடித் தேர்தலே கோளாறுண்ணா, விகிதாசாரம் கொண்டுவரணும்." விகிதாசாரத்திலும் தோற்றால், "நிலையான ஆட்சி வேணும்ணா, நேரடித் தேர்தல்தான் சரி." இரண்டும் கைவிட்ட நாளில் பிறந்ததுதான் மேலவை யோசனை. தம்பியின் வட்டாரத்தின் மக்கள்தொகை பதினொன்று. அதில் மூன்று பேர் தம்பியே, வேறு வேறு பெயரில். நியமன உறுப்பினர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

"தம்பி, தமிழ்நாட்டு மேலவையையே 1986 நவம்பர் 1-ல எம்.ஜி.ஆர். ஒழிச்சிட்டாரு. கலைஞர் திரும்பத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாரு. 2011-ல ஆட்சி மாறுனதும் அதுவும் போச்சு. ஏழு கோடிப் பேருக்கு இல்லாதது பதினோரு பேருக்கு எதுக்கு?"

"அங்கதாண்ணா நாம முன்னோடியா இருக்கணும்."

விவாதத்தின் கண்ணியத்தைச் சொல்லியாக வேண்டும். வசவு கிடையாது. 'மாண்புமிகு உறுப்பினர் பிரிவு 4, உட்பிரிவு (ஆ)-வைப் படிக்காமல் பேசுகிறார்' என்பதுதான் அங்கே உச்சபட்சக் கெட்டவார்த்தை. அடுப்படியிலிருந்து அம்மா, "ரேஷன் கடைக்குப் போறியா இல்லியாடா?" என்று குரல் கொடுத்தால், "அவையை ஒத்திவெச்சிட்டு வர்றேம்மா" என்று பதில் போகும்.

மேலவை மசோதா வாக்கெடுப்புக்கு வந்த அன்று, கூடப் படித்த நண்பனுக்குக் கல்வராயன் மலையில் கல்யாணம். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். கோமுகி அணையைத் தாண்டிப் பேருந்து ஏற ஏற, செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. தம்பி பாறைமேல் ஏறினார். பலாமரத்தில் ஏறினார். கடைசியில் தண்ணீர்த் தொட்டிமேல் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"என்னப்பா தேடற?"

"ஓட்டு போடணும் தாத்தா."

"எலெக்சனா? இங்க யாரும் சொல்லலியே!"

தம்பி விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"வரி உண்டா?"

"இல்ல தாத்தா."

"கூலியில்லாத வெட்டி வேல?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்கு மாத்தணும்ங்கற?"

கேட்கத் தகுதியுள்ளவர்தான் கேட்டார். 1947 வந்துபோன பிறகும் இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தது, 1976-இல்தான் விடுபட்டது. கட்டமைப்பு மாற்றம் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மசோதா ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. மலையில் மாட்டிக்கொண்ட ஓட்டும் மூன்றுதான். அவைக்கு வரவில்லை என்று தம்பி வகித்த சபாநாயகர் பதவியும் போனது. மலையிறங்கிய இரவே 'சிக்னல் இல்லாப் பகுதி உறுப்பினர் பாதுகாப்புச் சட்டம்' தயார்.

கேலி இருக்கட்டும். ஒரு விதியை வரிவரியாகப் படித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கிற ஆள் நம் ஊர்களில் அபூர்வம். உலக மன்றத்தில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வர எத்தனை சதவீதப் பிரதிநிதிகள் ஒப்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்த ஊராட்சியின் கிராம சபைக்கு எத்தனை பேர் வந்தால் கோரம் என்றால் விழிக்கிறார். (மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் நூறு பேர்.) விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், ஊராட்சித் தேர்தல் இங்கே பெரும்பாலான மாவட்டங்களோடு சேராமல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. எல்லைக் கோட்டை நகர்த்தினால் தேர்தலும் நகரும் என்பது அசல் கட்டமைப்புப் பிரச்சினை. அந்த வாரம் தம்பி ஓட்டுப் போடவில்லை. இணைய நாட்டில் பதவி நீக்க விசாரணை. அவர்தான் அரசு வழக்கறிஞர்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. கடைசியானது நவம்பர் 1, உள்ளாட்சி தினம். உங்கள் தெருவில் இப்படியொரு தம்பி இருந்தால் கையோடு கூட்டி வாருங்கள். தீர்மானத்தைப் படிக்காமலே கையெழுத்து விழுகிற கூட்டத்தில் உட்பிரிவு (ஆ) வரை படிக்கிற ஆள் தேவை. மேலவை வேண்டுமென்று ஆரம்பித்தால் மட்டும் மைக்கை வாங்கிவிடுங்கள்.