அக்ரிக்கோலா செய்த குற்றம்

1962-ல் எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகி, தகரப் பெட்டியோடு என்னைச் சிறிய குருமடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். குருமடங்களில் லத்தீனைக் கைவிடக் கூடாது என்று பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் ஆணையில் கையெழுத்துப் போட்டதும் அந்த வருஷம் பிப்ரவரியில்தான். நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறேன்.

முதலில் படித்த வினைச்சொல் 'அமோ'. நேசிக்கிறேன் என்று பொருள். ஆயுளுக்கும் கலியாணம் கூடாதென்று சேர்க்கப்பட்ட பையன்கள் நாங்கள், 'அமோ, அமாஸ், அமாத்' என்று கூரை அதிரக் கத்தினோம்.

முதல் வாக்கியம், 'அக்ரிக்கோலா புயெல்லாம் அமாத்'. இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கடைசியில் நிற்கும் வினையைப் பிடுங்கி நடுவில் நட வேண்டும். லத்தீனில் இல்லவே இல்லாத 'தி'யை இரண்டு இடத்தில் செருக வேண்டும். மறந்தால் உள்ளங்கையில் பிரம்படி. பிறகு அதைத் தமிழில் எழுத வேண்டும். நடுவில் நட்ட வினையைப் பிடுங்கி மறுபடி கடைசிக்குக் கொண்டுபோவோம்: 'உழவன் பெண்ணை நேசிக்கிறான்.' சொல்லுக்குச் சொல், லத்தீன் நின்ற அதே வரிசை! பெண்ணோடு ஒட்டியிருக்கும் 'ஐ' உருபுதான் அங்கே 'ம்' என்று நின்றது. 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லாமல் வினையின் வாலிலேயே ஆளைக் காட்டுவதும் இரண்டு மொழிக்கும் பொது. தமிழ் வகுப்பில் எட்டு வேற்றுமையை ஒப்பித்துவிட்டு வந்தவன், லத்தீனின் ஆறு வேற்றுமையைப் பார்த்துப் பூதத்தைக் கண்டதுபோல் நடுங்கினேன்.

நான்காவது வினை வகைக்கு நான் வந்து சேர்வதற்குள், 1963 டிசம்பர் 4-ஆம் தேதி, வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. சில வருஷங்களில் பூசை தமிழுக்கு வந்தது. நான் வீட்டுக்கு வந்தேன். 'அமோ'வின் பொருள் பிறகு வேறோர் இடத்தில் விளங்கியது.

இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கும் பேத்தி, 'ஹேபியஸ் கார்பஸ்' எந்த ஊர்ப் பேச்சு என்று தேடப்போய், கைப்பேசிச் செயலியில் ஆங்கிலம் வழியாக லத்தீன் படிக்கிறாள். பிரம்பு இல்லை, சரியாகச் சொன்னால் மணி அடிக்கிறது. உழவனுக்குப் பதில் குடிகாரக் கிளி வருகிறது. ரோமானியப் பேச்சாளர் பெயரை நான் 'சிச்செரோ' என்றால், "கிக்கெரோ, தாத்தா" என்று திருத்துகிறாள். என் உச்சரிப்பு கோயிலுடையதாம், அவளுடையது பழைய ரோமாபுரியுடையதாம்.

ஒருநாள் சலித்துக்கொண்டாள். "வெர்பை எங்கே போடறதுன்னே குழப்பமா இருக்கு தாத்தா."

"இங்கிலீஷை விடும்மா. அப்படியே தமிழ்ல சொல்லிப் பாரு."

சொல்லிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். "இவ்வளவுதானா?" உடனே முகம் வாடியது. "ஆனா இதுல தமிழ்ல பதில் எழுத முடியாதே!"

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், பாதிரிமார் பேச்சுத் தமிழ் கற்பதற்காக லத்தீனிலேயே எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நடுவில் ஆங்கிலம் இல்லை. அத்தனை பழைய நேர்வழி இருக்க, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டவர்கள் நாங்கள்தான். நான் பிரம்புக்குப் பயந்து தொட்டேன். அவள் மணியோசைக்கு ஆசைப்பட்டுத் தொடுகிறாள்.

லத்தீன் படிக்க நினைக்கும் தமிழர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: வினைச்சொல்லை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.