எந்த இடம் முதலில் வலிக்கிறது?

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள அத்தானுக்கு,

போன வாரம் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு படிச்சு, கடல் தாண்டிப் போயி, கடைசியில ஆட்டோ ஓட்டுறானே என் தம்பி" என்று அக்கா தெருவைக் கூட்டிவிட்டதாகத் தகவல் வந்தது. பால்காரர் வேறு, "அங்க மீட்டர் போட்டு ஓட்டுவாங்களா, பேசி ஓட்டுவாங்களா?" என்று விசாரித்தாராம்.

அது ஆட்டோ இல்லை அத்தான். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்கிற கணக்கு மட்டும்தான் ஒத்துப்போகிறது. ஹோண்டா கோல்ட்விங் என்று ஒரு பெரிய டூரிங் பைக். அதன் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அச்சு வைத்து இரண்டு கார் டயர்களைப் பொருத்தினால் ட்ரைக். இந்த மாற்று வேலையைச் செய்வதற்கென்றே இங்கே கம்பெனிகள் இருக்கின்றன. ஹார்லி டேவிட்சன்காரர்கள் 2009 மாடலிலிருந்து தாங்களே மூன்று சக்கரத்தோடு விற்கிறார்கள். உங்கள் புல்லட்டில் ஒரு சிலிண்டர், 346 சிசி. என் கோல்ட்விங்கில் ஆறு சிலிண்டர், 1832 சிசி. இரண்டு மாருதி 800 இன்ஜினைச் சேர்த்துக் கட்டினாலும் 1592 சிசிதான் வரும். ரிவர்ஸ் கியர்கூட உண்டு. இதைப் பால்காரரிடம் அவசியம் சொல்லுங்கள்.

முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் 400 கிலோ வண்டியை சிக்னலில் காலூன்றித் தாங்குவது நடக்காத காரியம். பைக்கை விடவும் மனசில்லை. என் மாதிரி ஆட்களுக்காகவே கண்டுபிடித்தது இந்த வண்டி. இங்கே ட்ரைக் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். நாலு பேர் கூடினால் பாதிப் பேச்சு வண்டியைப் பற்றி, மீதிப் பேச்சு முதுகைப் பற்றி.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேரிஸ்வில் என்று ஒரு ஊர். 1980 முதல் ஏறக்குறைய முப்பது வருஷம் கோல்ட்விங் அங்கேதான் தயாரானது. இப்போது ஜப்பானுக்கே போய்விட்டது. பெரியவர் அந்த வண்டி மீது பக்தி உள்ளவர். அவர் ட்ரைக்கில் குரோம் பூசாத இடம் டயர் மட்டும்தான். ராத்திரி கிளப்பினால் அடியிலிருந்து நீல விளக்கு எரியும். காபி டம்ளர் வைக்க நாலு இடம். ஓட்டுகிறவருக்கு இரண்டு கைதானே, அந்த இரண்டும் ஹேண்டில்பாரில்தானே இருக்கும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவருடைய நாய்க்குக் கண்ணில் தூசி விழாமல் கறுப்புக் கண்ணாடி. இவ்வளவும் வாங்கின மனிதர் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் அப்படியே நிற்பார். சீட்டு மட்டும் கம்பெனி கொடுத்த பழைய சீட்டு.

நான் பர்ஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்தேன். முழுநாள் ஓட்டம் போகும்போதெல்லாம் எந்த இடம் முதலில் வலிக்கிறது, எத்தனை மணி நேரத்தில் வலிக்கிறது என்று குறித்தேன். எனக்கு ஒரு பக்கம், பின்சீட்டில் உட்காரும் உங்கள் தங்கச்சிக்கு ஒரு பக்கம். அவள் பக்கம்தான் முதலில் நிரம்பியது. "மூச்சு முட்டுது", "காது அடைக்குது", "இந்த ஆளைக் கட்டிக்கிட்டது" என்று அவளே எழுதியும் வைத்திருந்தாள். கடைசிக் குறிப்புக்கு உதிரிபாகம் கிடைக்காது. மற்றதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதலில் காசில்லாத வைத்தியம். டயர் காற்றைப் பாருங்கள். பின்னால் இருப்பது கார் டயர். முழுக் காரைச் சுமக்கச் செய்தது, இங்கே அதில் பாதி எடைகூட ஏறுவதில்லை. காருக்கு அடிக்கிற மாதிரி 32, 35 பவுண்டு காற்று அடித்தால், சின்னக் கல் ஏறினாலும் முதுகெலும்பு எண்ணிச் சொல்லும். மாற்று வேலை செய்த கம்பெனியின் புத்தகத்தில் அதைவிடக் குறைவான அளவுதான் போட்டிருக்கும். அதைப் படித்து, காலையில் டயர் சூடாவதற்கு முன் சரிபார்த்தால் பாதிக் குலுக்கல் போய்விடும். பின்பக்கம் காற்றுப்பை வைத்த சஸ்பென்ஷன் இருந்தால், தனியாகப் போகும்போது ஒரு அளவு, ஆள் ஏறினால் ஒரு அளவு. "எனக்காகத் தனியா காத்து அடிக்கிறீங்களா?" என்று அவள் கேட்டால் பதில் சொல்லக் கூடாது.

அமெரிக்காவில் ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாள். பனிக்காலத்தில் விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் உறைந்து பருத்து ரோட்டைப் பிளக்கிறது. மார்ச் வந்தால் எங்கள் ஊர் ரோட்டிலும் குழிகள்தான். பைக் என்றால் குழிக்குப் பக்கத்தில் நழுவிப் போய்விடலாம். மூன்று சக்கரம் மூன்று தடத்தில் ஓடுவதால், முன்சக்கரத்தைக் காப்பாற்றினால் பின்சக்கரம் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஷாக்கப்ஸருக்குப் போடும் காசு வீண் இல்லை.

அடுத்தது விண்ட்ஷீல்டு. இந்த மாடலில் பக்கத்துப் பிடிகளைத் தளர்த்திக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். அதன் மேல் விளிம்பு மூக்கு மட்டத்தில் நிற்க வேண்டும், பார்வை அதற்கு மேலே போக வேண்டும். உயரமாக வைத்தால் மழையில் ராத்திரி வழி தெரியாது. தாழ்த்தினால் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதித் தலையைப் பிடித்து ஆட்டும். (இந்த மாநிலத்தில் அனுபவமுள்ள பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் கிடையாது. நான் போட்டுக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.) ஹைவேயில் காதைக் கெடுப்பது இன்ஜின் சத்தத்தைவிடக் காற்றின் சத்தம்தான். மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பஞ்சு அடைப்பானைக் காதில் வைத்தால், சாயங்காலம் இறங்கும்போது களைப்பு பாதிதான். பின்சீட்டிலிருந்து வரும் வழிகாட்டல் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். அதற்காக வாங்கவில்லை.

பெரிய செலவு ஸ்டியரிங்கில். இதை உங்களுக்குத்தான் சொல்ல முடியும், புல்லட்டோடு குடித்தனம் நடத்தியவர் நீங்கள். வளைவில் பைக் சாயும், அதுவே திரும்பிக்கொள்ளும். ட்ரைக் சாயாது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆனால் முன் ஃபோர்க், சாய்கிற பைக்குக்காகச் செய்தது. ஃபோர்க் திரும்பும் அச்சின் கோட்டை அப்படியே கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்த இடைவெளிதான் சக்கரத்தை எப்போதும் நேராகப் போகச் சொல்லி இழுக்கிறது. நேர் ரோட்டில் நல்லது. மலை ரோட்டில் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினால், மறுநாள் காலையில் பல் துலக்கக் கை தூக்க முடியாது. ஃபோர்க்கின் சாய்வைச் சில டிகிரி மாற்றி அந்த இடைவெளியைக் குறைக்க ஒரு கிட் இருக்கிறது. கூலியோடு ஆயிரம் டாலரைத் தாண்டியது. போட்ட அன்றைக்கே தோள்வலி நோட்டிலிருந்து காணாமல் போனது. வாங்கியதிலேயே உருப்படியான சாமான் இதுதான், வெளியே பார்த்தால் போட்டதே தெரியாது. பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எங்கே குரோம்?" என்று கேட்டார்.

அதோடு சேர்த்துப் பின்னால் ஒரு ஸ்வே பார். சாயாத வண்டி வளைவில் உடம்பை வெளிப்பக்கம் தள்ளும். ஓட்டுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. பின்னால் இருப்பவள் எதைப் பிடிப்பாள்? "ஒவ்வொரு திருப்பத்துலயும் என்னை இறக்கிவிடப் பாக்குறீங்க" என்று எழுதியிருந்தாள். ஸ்வே பார் வண்டியின் அசைவைக் குறைத்தது, பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் கைதாங்கி வைத்தது மனசின் அசைவைக் குறைத்தது. கைதாங்கியை நான் சொகுசுக் கணக்கில் எழுதுவதில்லை, குடும்பப் பாதுகாப்புக் கணக்கில் எழுதுகிறேன்.

இனி சீட்டு. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை வாங்குகிறவர்கள்தான் அதிகம். மெத்தென்ற பஞ்சு ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் உள்ள தகட்டை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும். கெட்டியாக, அகலமாக, இரண்டு தொடையையும் தாங்குகிற சீட்டுதான் நாள் முழுக்க உட்காரவிடும். அளவெடுத்துத் தைக்கும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்ப வேண்டும், உயரம் எழுத வேண்டும், எடை எழுத வேண்டும். இரண்டு பேருடையதும்.

என் எடையை உடனே எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. "சும்மா ஒரு குத்துமதிப்பா..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே இரண்டு கிலோ குறைந்திருக்கும். படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. எடைமெஷின் சத்தம் ஒரு முறை, செருப்பைக் கழற்றும் சத்தம், எடைமெஷின் இன்னொரு முறை, அப்புறம் வளையல்கள் மேஜையில் விழும் சத்தம். உறையை ஒட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "பிரிச்சீங்க, தனியாத்தான் போகணும்" என்றாள். பிரிக்கவில்லை. சீட்டு வந்தது, இருவருக்கும் பொருந்தியது. அவள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஓட்டுகிறவனுக்கு முதுகுச் சாய்மானமும், காலை முன்னால் நீட்டி வைக்க இன்னொரு ஜோடி ஃபுட்ரெஸ்டும் வேண்டும். பைக்கில் சாய்ந்து நிமிர்ந்து, சிக்னலில் காலூன்றி, உடம்பு அசைந்துகொண்டே இருக்கும். ட்ரைக்கில் அந்த வேலை கிடையாது. ஒரே வாக்கில் உட்கார்ந்திருப்பதால் மரத்துப்போகும். பைக் ஓட்டிய பழைய வழக்கத்தில் காலைக் கீழே போடவும் கூடாது. பின்டயர் அகலம், மெதுவாக வந்து பாதத்தின் மேலேயே ஏறும். பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

சூடான கைப்பிடி, சூடான ஜாக்கெட், எல்லாம் உண்டு. அக்டோபர் காலையில் தேவைப்படும். ஆனால் வண்டியின் ஆல்டர்னேட்டர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். கூடுதல் ஸ்பீக்கர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காதை அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் வாங்குகிறவனை உலகம் என்ன சொல்லும்? குரோமுக்கும் நீல விளக்குக்கும் நோட்டில் இடமே வரவில்லை, அங்கே யாருக்கும் வலித்ததில்லை.

இவ்வளவும் புளூ ரிட்ஜ் பார்க்வே போவதற்காக. வர்ஜீனியாவிலிருந்து வடகரோலினா வரை மலை முகட்டிலேயே 469 மைல் ரோடு. 1935இல் தொடங்கி 1987இல்தான் கட்டி முடித்தார்கள். லாரி கிடையாது, வேகம் பெரும்பாலும் 45 மைலுக்கு மேல் கூடாது, வழியில் பெட்ரோல் பங்க்கும் கிடையாது, கீழே இறங்கித்தான் போட வேண்டும். அக்டோபரில் மலை முழுக்க இலைகள் நிறம் மாறும். உங்கள் தங்கச்சி வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டாள். போன முறை பாதி வழியில் இறங்கி, "மீதியை நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றவள் அவள். அந்த மலையில் பஸ் கிடையாது என்பதால்தான் எங்கள் குடும்பம் அன்று தப்பித்தது.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். நம்ம டாக்சி ஸ்டாண்டில் டிரைவர்கள் சீட்டின் மேல் விரிப்பார்களே, மர மணி கோத்த விரிப்பு, அதை நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இங்கேயும் போட்டுக்கொள்கிறார்கள். அடியில் காற்று ஓடுவதால் வெயிலில் வேர்க்காது. இங்கே விற்பதோ பைக் சீட்டுக்கென்று அளவைச் சுருக்கி, விலையைப் பெருக்கியது. பெரியப்பா பையன் செப்டம்பரில் வரும்போது கார் அளவில் இரண்டு கொடுத்துவிடுங்கள், நான் வெட்டிக் கட்டிக்கொள்கிறேன். பிளாஸ்டிக் மணி வேண்டாம், மர மணிதான் வேண்டும். கோத்த நரம்பு தடிமனா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள். விலையை எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன். அக்கா கூடவே ஊறுகாய் வைத்தால் தனிப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்