போர்டிகோவில் கிளட்ச் மாற்றல்: ஓர் உராய்வியல் ஆய்வு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பல உண்மைகள் வெளியே வந்துவிடும். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் அலறும். வண்டியோ ஊர்வலத்தில் வந்ததுபோல் ஊரும். ‘கிளட்ச் ஸ்லிப் ஆகுது’ என்று மெக்கானிக் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும் இந்நிகழ்வு, 100 சிசி பைக் உள்ள வீடுகளில் கிளப்பும் கோட்பாட்டுச் சண்டையை ஆய்வுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

இதில் மூன்று மரபுகள் உண்டு. கேபிள் மரபினர், லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ‘ப்ளே’ இருக்க வேண்டும் என்பார்கள். கேபிள் விறைப்பாக இருந்தால், லீவரைத் தொடாதபோதும் பாதி கிளட்ச் பிடித்த மாதிரியே வண்டி ஓடும். ஆயில் மரபினர் டப்பாவைத் திருப்பிப் படிப்பவர்கள். இந்த வகை பைக்கில் கிளட்ச், இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே சுழல்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கலாம். ஜப்பானியர்கள் 1998-இல் பைக் ஆயிலுக்கென்று ‘ஜாசோ எம்ஏ’ தரத்தை வகுத்தது இந்தப் பிடிமானத்தை மனத்தில் வைத்துத்தான். மூன்றாவது, பிளேட் மரபு: தேஞ்சுபோச்சு, மாத்து.

மூன்று தரப்பும் சொல்வது சரி என்பதுதான் வம்பு.

மூன்றாம் மரபுக்கு மட்டும் பிரெஞ்சு ஆதரவு இருக்கிறது. உராய்வு அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று கியோம் அமோந்தோன் 1699-இலேயே அறிவித்துவிட்டார். பரப்பு பொருட்டில்லை என்றால் இத்தனை பிளேட் எதற்கு? ஒரே ஸ்பிரிங்கின் அழுத்தம் அடுக்கிலுள்ள ஒவ்வொரு ஜோடி முகத்தின் மேலும் முழுசாக விழுகிறது. முகங்கள் கூடக் கூட பிடியும் அத்தனை மடங்கு கூடுகிறது. பிளேட் தேய்ந்தால் அடுக்கு மெலியும், ஸ்பிரிங் நீண்டு தளரும், பிடி விடும். புதிதில் 3 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்; அதில் அரை மில்லிமீட்டர் கரைவதற்குள் இத்தனை ரகளை.

களப்பணிக்கு உகந்த நாள் ஞாயிறு. ஆயிலை வடித்து, ஃபுட்ரெஸ்டையும் கிக்கரையும் கழற்றி, வலப்பக்கக் கவரைத் திறக்க வேண்டும். “கோலம் போட்ட எடத்துல ஆயில ஊத்திராதடா” என்ற குரல் இந்தக் கட்டத்தில் உள்ளிருந்து வரும். பதிலுக்கு நாளிதழின் விளம்பரப் பக்கங்கள் விரிக்கப்படும். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. விவரமானவர்கள் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைப்பார்கள். மற்றவர்கள் மாலையில் வருந்துவார்கள்.

பிளேட்டை மாற்றுவது சொற்ப வேலை. பொழுதை விழுங்குவது பேக்கிங். பல வருடச் சூட்டில் அலுமினியத்தோடு ஒட்டிப்போன அந்தக் காகிதத் தோலை மண்ணெண்ணெய் தொட்டு, பழைய பிளேடால் படுக்கவைத்து உரிக்க வேண்டும். பாதி சுருளாக வரும். மீதி, போல்ட் துளையைச் சுற்றி அரைநிலாக்களாக நின்றுவிடும். பொறுமையிழந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விழும் ஒரு கீறல் போதும், புதுப் பேக்கிங் போட்ட பிறகும் ஆயில் கசிய. இத்துறையில் பொறியியல் பட்டத்தைவிட ரேஷன் கார்டில் ஸ்டிக்கர் உரித்த அனுபவமே கூடுதல் தகுதி.

புதுப் பிளேட்டை உலர்வாகப் போடக்கூடாது. ஆயிலில் ஊறவைத்துத்தான் அடுக்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

ஆய்வு முறையின் ஓட்டை கடைசியில்தான் தெரிகிறது. கவரைக் கழற்றியதால் புது ஆயில் ஊற்றியாகிவிட்டது. மாட்டும்போது கேபிளும் சரிசெய்யப்பட்டுவிட்டது. பிளேட்டும் புதிது. தெருமுனை வரை போய்வந்த வண்டி துள்ளுகிறது. “நான் அப்பவே சொல்லல, கேபிள்தான்னு?” என்கிறார் திண்ணையிலிருந்து சித்தப்பா.