வெண்ணெயை வைத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்கு

ஓசூர் சிப்காட்டில் நாலைந்து பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஜூஜூவாடிப் பக்கம் போனால் என் செல்போனுக்கே தான் எந்த மாநிலம் என்ற சந்தேகம் வந்துவிடும். அதனால் ‘கண்டறிய முடியவில்லை’ என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போன வாசகம். ஆனாலும் அன்றைக்கு அதை என் கம்ப்யூட்டர் சொன்னபோது வயிற்றைக் கலக்கிவிட்டது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று திரை நச்சரித்துக்கொண்டே இருந்தது. பட்டறைகளின் ஜிஎஸ்டி மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்தான். சரி, 11-க்கு மாறிவிடுவோம் என்றால், டிபிஎம் 2.0 இருக்கிறதா என்று கேட்டது. அதற்கென்று உள்ள ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பொருத்தமான டிபிஎம் எதுவும் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லையாம்.

டிபிஎம் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் என் பாட்டி. பீரோ சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும். பணம் வேண்டுமென்றால் அவளே திறந்து எடுத்துத் தருவாள்; சாவி மட்டும் எவர் கைக்கும் வராது. கம்ப்யூட்டர் விழிக்கும்போது ஒவ்வொரு மென்பொருளும் நேற்று வந்த அதே ஆள்தானா என்று கணக்கு வைத்துக்கொள்வாள். முகம் மாறியிருந்தால் பீரோ திறக்காது. அப்பேர்ப்பட்ட பாட்டி என் வீட்டில் இல்லை என்றால் எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டேன். வந்ததும் கேபினட்டைக் கழற்றினான். ஏழெட்டு வருடத் தூசி. ராயக்கோட்டை ரோடு முழுவதும் உள்ளே இருந்தது. ஊதித் துடைத்தபோது போர்டின் ஓரத்தில் வரிசையாக ஊசிகள். பக்கத்தில் ‘டிபிஎம்’ என்ற எழுத்து. ஊசிகளின் மேல் ஒன்றுமில்லை.

“பாருங்கண்ணா, நாற்காலி இருக்கு, ஆளைக் காணோம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல கிடைக்கும்” என்றான்.

மறுநாள் பஸ். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் அதை ஓசூர்க்காரர்கள் கிலோமீட்டரில் அளப்பதில்லை. அட்டிபெலே அரை மணி, சில்க் போர்டு ஒரு ஆயுள். மார்க்கெட்டில் இறங்கி நடந்து, சந்துக்குள் ஒரு கடையில் போர்டின் படத்தைக் காட்டினேன்.

“எஷ்டு பின்னு?” என்றார் கடைக்காரர். பதினான்கு ஊசி, இருபது ஊசி என்று போர்டுக்குப் போர்டு மாறுமாம். பெரிதாக்கி எண்ண ஆரம்பித்தோம். பாதியில் நிறுத்திவிட்டு ப்ராசஸர் என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

“பயாஸ்ல பிடிடி ஆன் மாடி ஸார். துட்டு யாக்கெ வேஸ்ட்டு?”

விற்க வேண்டியவரே வேண்டாம் என்றது அந்தத் தெருவில் எனக்கு முதல் அனுபவம். அப்புறம்தான் விளங்கியது. இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். இதற்குத் தனிச் சிப்பே தேவையில்லை, ஏற்கெனவே உள்ள சிலிக்கானுக்குள் ஃபர்ம்வேராக ஓடுகிறது. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் இதை அணைத்தே அனுப்பிவிடுவார்கள். பாட்டி ஊருக்குப் போகவில்லை, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த பழமொழிக்காரன் சில்க் போர்டு சிக்னலை இரண்டு முறை தாண்டவில்லை. நான் தாண்டினேன்.

இரவு தம்பி பயாஸுக்குள் போய் எழுப்பிவிட்டான். (பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் இந்த வேலையில் இறங்குமுன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டால் அது ஒன்றுதான் கதி.) மறுபடி ஜன்னலைத் திறந்தோம். டிபிஎம் தயார், பதிப்பு 2.0. தம்பிக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பிரியாணி முடிந்தபின் விண்டோஸ் 11-க்கான சோதனையை ஓட்டினான். டிபிஎம்முக்குப் பச்சை டிக். அதற்குக் கீழே ப்ராசஸருக்குச் சிவப்புக் குறி. இன்டெல்லில் அநேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்களாம். என்னுடைய ஐ3 ஏழாம் தலைமுறை.

அதனால் ஒரு வேண்டுகோள். கேபினட்டைக் கழற்றுமுன் ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ3-க்குப் பக்கத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் என்று இருந்தால், அட்டிபெலே வரைகூடப் போக வேண்டாம்.