வெந்நீரில் விழுந்த டுரியான்

பத்தாங் காலியிலிருந்து உலு தாமு வெந்நீர் ஊற்று அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் போய், காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. மழைநீர் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. செலாயாங்கிலும் கெர்லிங்கிலும் இதே கதைதான். விறகு வேண்டாம், பில் வராது, குத்தகையாளரும் தேவையில்லை.

இப்படிப்பட்ட ஊரில் தாமான் வீட்டுக்காரர் ஒருவர் வெந்நீருக்காக வழக்கு நடத்தினார். பெயர் வேண்டாம். அவரும் இதை எழுதுபவரும் ஒரே மூக்குக்கண்ணாடியைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதோடு விட்டுவிடலாம்.

தோட்டத்தில் பிறந்தவர் அவர். லயத்தில் வெந்நீர் என்றால் கித்தா விறகும் கரிபிடித்த அண்டாவும் அம்மாவின் திட்டும் சேர்ந்ததுதான். முழங்கால் வலிக்கத் தொடங்கிய வயதில், குழாயைத் திருகினால் சுடச்சுடக் கொட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை வந்த மறுவாரம் குத்தகையாளர் வந்தார். இவர்களுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ!

"அண்ணே, கூரையில சோலார் போட்டுருங்க. சூரியன் சும்மாதானே கெடக்குறான்?"

"உலு தாமுலேருந்து ஒரு பைப் இழுக்க முடியாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பாதி விளையாட்டு, பாதி சிக்கனம்.

"அது பூமி போடுற வெந்நீர்ண்ணே. அதுக்கு வாரண்டி கெடையாது. இதுக்கு அஞ்சு வருசம்."

மூன்று மணி நேரம் பேசியதில் இருபது தடவையாவது 'அண்ணே' வந்திருக்கும். வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. முன்பணம் கைமாறிவிட்டது.

அந்தக் கருவியின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் தகடு, தகட்டில் குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலே தொட்டி. சூடான தண்ணீர் இலேசாகித் தானாகவே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்பு கிடையாது. வெயில் போதாத நாளுக்கு உள்ளே 3 கிலோவாட் மின் சூடேற்றி ஒன்று உண்டு. அதை ஒரு மணி நேரம் போட்டால் 3 யூனிட். 300 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. நாலைந்து ஆட்கள் இராப்பகலாகக் கூரைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் அது.

தகராறு, அதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான். குளியலறை பின்பக்கம் இருந்தது. அதனால் சோலார் பலகையும் பின்கூரைக்குப் போனது. பைப் மிச்சமானது குத்தகையாளருக்கு. பின்பக்கம் மேற்கே அடுத்த வீட்டு டுரியான் மரம் நின்றது, கிழக்கே கெந்திங் மலை. காலையில் மலையைத் தாண்டிச் சூரியன் எட்டிப் பார்க்கவே நேரமாகும். மத்தியானம் மரம் குடை பிடிக்கும். நடுவில் கிடைத்த வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பானது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம், முழங்கால் வலிக்கு உதவாது. வேறு வழியில்லாமல் மின் சூடேற்றியைப் போட்டார்கள். சும்மா கிடந்த சூரியனுக்குப் பதிலாகத் தெனாகா நேஷனல் வேலை செய்தது, கூலியும் வாங்கிக்கொண்டது.

போன் போட்டார். "அங்கிள், புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்" என்று பதில் வந்தது. வீட்டுக்காரரின் மனைவி கவனித்துவிட்டார். "ஏங்க, காசு குடுக்குற வரைக்கும் அண்ணன். குடுத்ததும் அங்கிளாயிட்டீங்க. இன்னும் ஒரு மாசம் போனா தாத்தாதான்."

அப்புறம் டுரியான் பருவம் வந்தது. ஒரு நள்ளிரவில் கூரைமேல் பெரிய சத்தம். காலையில் ஏறிப் பார்த்தால் பலகையின் கண்ணாடி சுக்குநூறு. நடுவே முள் முள்ளாக, ஒரு கீறல்கூட இல்லாமல் பழம் உட்கார்ந்திருந்தது. போன் போட்டால் இப்போது மணி மட்டும் அடித்தது.

மலேசியாவில் இதற்கென்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம். கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அவரவர் வாய்தான் அவரவருக்கு வக்கீல். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரைக்குமான கோரிக்கைகளைத்தான் விசாரித்தார்கள். பிறகு அது 25,000 ஆனது, 2019 முதல் 50,000. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். நில உரிமை, உயில் தகராறெல்லாம் அங்கே எடுபடாது. வெந்நீர் எடுபடும்.

'போராங் 1' பாரத்தை நிரப்பியதும் வீட்டுக்காரருக்குச் சட்டப் பைத்தியம் பிடித்தது. இராத்திரியெல்லாம் படித்தார். ஜெர்மனியில் ஸ்டௌஃபென் என்ற ஊர். 2007-இல் நகர மன்றக் கட்டடத்தைப் பூமிச் சூட்டால் கதகதப்பாக்கலாம் என்று 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளை போட்டார்கள். அடியில் இருந்த அன்ஹைட்ரைட் பாறைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் பட்ட அந்தப் பாறை ஜிப்சமாக மாறி ஊதிப் பெருக்கத் தொடங்கியது. ஊரே மெல்ல மேலெழுந்து, 250-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல்.

"பாத்தியா? நமக்குக் கண்ணாடியோட போச்சு."

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவங்களுக்குச் சூடாவது வந்துச்சா?"

குத்தகையாளரின் பதில் 'போராங் 2'-இல் வந்தது. கண்ணாடி உடைந்தது டுரியானால், டுரியான் விழுந்தது இயற்கையால், இயற்கைக்கு நிறுவனம் பொறுப்பல்ல. இரண்டு பக்கம் மலாயில் எழுதியிருந்தார். அதில் வீட்டுக்காரர் அண்ணனும் இல்லை, அங்கிளும் இல்லை, 'பிஹாக் யாங் மெனுந்துட்'. கோரிக்கை வைக்கும் தரப்பு. குத்தகையாளர் 'பெனெந்தாங்', எதிர்ப்பவர். இவ்வளவு மரியாதையாக வீட்டுக்காரரை யாருமே கூப்பிட்டதில்லை.

விசாரணையன்று வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே கொமூட்டர் ரயிலேறினார். கோப்பில் இருபத்திரண்டு புகைப்படங்கள், ஆறு மாத மின் பில். நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று அரைமணிக்கொருமுறை எடுத்த படங்கள் அவை. தோட்டத்துக் கிராணி பிரட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டார்.

மன்றத் தலைவர் படங்களைப் பொறுமையாகப் புரட்டினார். மரம் எத்தனை வருடமாக நிற்கிறது என்று குத்தகையாளரிடம் கேட்டார். தெரியாது என்றார் அவர். பலகையைப் பொருத்தியபோது மரம் நின்றதா? நின்றது. அதில் என்ன காய்க்கும் என்று தெரியுமா?

குத்தகையாளர் பேசவில்லை. பத்தாங் காலிப் பக்கத்தில் டுரியான் மரம் தெரியாது என்று சொன்னால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாங்கிய பொருளும் செய்த வேலையும் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டப் பிரிவைச் சொல்ல வாயெடுத்தார். தலைவர் அதற்குள் இவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"அந்தப் பழம் என்ன ஆனது?"

மனப்பாடம் செய்த எந்தப் பிரிவிலும் இதற்குப் பதில் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். "சாப்பிட்டுவிட்டோம், துவான்."

"நன்றாக இருந்ததா?"

"கொஞ்சம் கசப்பு. நல்ல கசப்பு."

குத்தகையாளர் சிரித்துவிட்டார். அதன் பிறகு சண்டையில் சூடில்லை, வீட்டுக் குழாய் மாதிரி. பேசி முடிக்க முடியுமானால் அந்த மன்றம் அதற்கு வழிவிடும். பலகையை முன்கூரைக்கு மாற்றிப் புதுக் கண்ணாடியும் தன் செலவிலேயே போட்டுத் தருவதாகக் குத்தகையாளர் ஒப்புக்கொண்டார். மின் பில்லை வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தார். பழம் தின்ற கூச்சம். இருவரும் ஒத்துக்கொண்டதை மன்றம் தீர்ப்பாகப் பதிந்தது. 14 நாளைக்குள் செய்யாவிட்டால் அது குற்றம், 2 ஆண்டு வரை சிறைகூட உண்டு.

பன்னிரண்டாம் நாள் ஆட்கள் வந்தார்கள். குத்தகையாளரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பின்கூரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே," என்றார். "அவங்க வீட்டுல சோலார் போட்டாச்சா? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."